சல்லடையார் கொண்டுவந்த கொட்டலசு

எங்கள் டயகமப் பக்கத்தில் சல்லடையார் தரம் பிரிக்காமல் விட்டுவைத்தது சூரிய சந்திரரை மட்டும்தான். தேயிலை ஃபேக்டரியில் தூள் சலிக்கிற மனுஷர். வீட்டுக்கு வந்தாலும் கை சும்மா இருக்காது. உருளைக்கிழங்கு, உறவுக்காரர்கள், கோயில் கமிட்டி எல்லாவற்றையும் சலித்துவிடுவார். தோட்டப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கும் என்னையும் விடவில்லை.

போன வருஷம் திருகோணமலைக்குச் சாமி கும்பிடப் போனவர், ஒரு வாளி கடல் தண்ணீரோடு வந்து இறங்கினார். உள்ளே உடைந்த படகுப் பலகை. அதன்மேல் வெள்ளை வெள்ளையாகக் கொட்டலசுகள். படகடியிலும் பாறையிலும் ஓட்டோடு அப்பிக்கொண்டு வாழும் சின்ன உயிர்கள். வாளிக்கும் டிக்கட் கேட்டாராம் கண்டக்டர்.

"இவுங்க கப்பலடியில, திமிங்கிலத்து முதுகுல ஒட்டிக்கிட்டு டிக்கட் இல்லாமலே உலகத்துக் கடலெல்லாம் போன ஆளுங்க. டைனோசருக்கு முந்தின பரம்பரைங்க! இவுங்க முப்பாட்டன்மாரு பாறைக்குள்ள கல்லாவே கெடக்காங்க" என்று கைபேசியில் படித்ததையெல்லாம் எடுத்துவிட்டாராம் இவர். கண்டக்டர் டிக்கட் புத்தகத்தை மூடிக்கொண்டு அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் நுவரெலியாவில் பள்ளிக்கூடங்களின் விஞ்ஞானக் கண்காட்சி. எங்கள் பள்ளிக்கூடம் அதுவரை ஓர் ஆறுதல் பரிசுகூட வாங்கியதில்லை. வேறு சரக்கு இல்லாததால் அந்த வாளியையே வைத்தேன். கூடவே வந்த சல்லடையார், 'இறால், நண்டு வகை' என்று எழுதி ஒட்டினார்.

நடுவர் யாழ்ப்பாணத்துக்காரர். "உது சிப்பி இனமெல்லோ? ஆர் இறால் எண்டு எழுதினது? பிழை. புள்ளி இல்லை."

சல்லடையார் குறுக்கே பாய்ந்தார்.

"ஐயா, சாக்கப் பாத்தா தேயிலைக்குத் தரம் சொல்றோம்? கொட்டிப் பாக்கணுங்க. ஓடு வெறும் சாக்கு. முன்ன படிச்சவுங்களே ஓட்டப் பாத்துச் சிப்பின்னு ஏமாந்தாங்க. குஞ்சா இருக்கையில இது எறால் குஞ்சு மாதிரி நீந்தும். அப்புறம் தலைய ஒட்டிக்கிட்டு, காலால சாப்புடும்."

"காலாலயோ?"

"பூதக்கண்ணாடியப் புடிங்க."

நடுவர் குனிந்தார். ஒன்றும் அசையவில்லை. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். "மானத்த வாங்காதீங்கய்யா" என்று சல்லடையார் வாளியிடம் கெஞ்சினார். சட்டென்று ஓர் ஓட்டின் வாய் திறந்தது. இறகு மாதிரிக் கால்கள் வெளியே வந்து தண்ணீரைத் துழாவின. அப்புறம் பக்கத்து ஓடு. அப்புறம் பலகை முழுக்க!

"கடவுளே, கால்தான்!" என்றார் நடுவர்.

முதல் பரிசு எங்களுக்கு! பஸ்ஸை விட்டு இறங்கியபோது தோட்டமே தப்படித்து வரவேற்றது. சல்லடையாரைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

மறுநாள் அவர் ஃபேக்டரிக்குப் போகவில்லை. லீவு போட்டுவிட்டு, வாளியோடு பஸ் மாறி மாறித் திருகோணமலைக்கே போயிருந்தார். "நம்ம மானத்தக் காப்பாத்துனவுங்க சார். அவுங்க தண்ணியிலயே விட்டுட்டு வந்துர்றேன்" என்று போனில் சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் திரும்பி வந்த அன்று நல்ல மழை. நான் குடையை எடுத்துக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்குப் போய், ஒரு மணி நேரம் முன்னதாகவே காத்து நின்றேன்.