மாப்பிள்ளை அழைப்புக்கு மாற்று இன்ஜின்

கார் ஓட்டத் தெரிந்த ஆண்களுக்குக் காரைப் பற்றியும் தெரியும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. பெரும்பாலும் அந்த ஆண்களிடம் மட்டுமே உள்ள நம்பிக்கை அது. என்னைவிட்டு அது போன இடம் மயிலாப்பூரில் ஒரு தெரு முனை. சாட்சிக்கு நாதஸ்வர கோஷ்டியே இருந்தது.

என் மனைவி சுமதியின் தம்பி கார்த்திக்குக் கல்யாணம் நிச்சயமான அன்றைக்கே, "மாப்பிள்ளை அழைப்புக்கு எதுக்கு வாடகைக் கார்? என் கார் இருக்கே!" என்று சபையில் அறிவித்தேன். (யாரும் கேட்கவில்லை.) அடுத்து வந்த மழையில், தி. நகரில் ஒரு சுரங்கப் பாதையில் தேங்கிய தண்ணீருக்குள் அதே காரை வீரமாக இறக்கினேன். இன்ஜின் தண்ணீரைக் குடித்து, 'டொக்' என்று ஒரே ஒரு சத்தம் போட்டு, உயிரை விட்டது.

கோடம்பாக்கத்தில் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கும் பாஸ்கர் வந்து பார்த்தார்.

"இத்த ரிப்பேர் பண்றது வேஸ்ட்டு சார். இதே மாடல்ல, பின்னாடி அடிவாங்கின வண்டி ஒண்ணு கீது. இன்ஜின் சும்மா கிண்ணுனு கீது. தூக்கி வச்சிடலாம்."

"மிக்சி ஜாடி மாத்துற மாதிரிதானே?"

"அதே தான் சார்!"

அந்த நிமிஷம் எங்கள் இருவரின் அறிவும் சரிசமமாக இருந்தது.

இன்ஜின் அளவெடுத்துத் தைத்ததுபோல உட்கார்ந்தது. உட்கார்ந்ததோடு சரி. ஒரே மாடல்தான், ஆனால் அடிவாங்கிய வண்டி சில வருஷம் புதியது. என் காரில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஒரு கேபிள் போய் இழுக்கும். இந்த இன்ஜினில் கேபிளே கிடையாது. மிதித்த செய்தி வயர் வழியாகக் கம்ப்யூட்டருக்குப் போய், அது யோசித்து உத்தரவு போட வேண்டும். என் பழைய கம்ப்யூட்டருக்கு அந்தப் பாஷை தெரியாது. பிளக்குகளும் ஒன்றோடொன்று சேர மறுத்தன.

பாஸ்கர் அசரவில்லை. அந்த வண்டியின் கம்ப்யூட்டர், பெடல், இன்ஜின் வயரிங் எல்லாவற்றையும் கழற்றி வந்து ஷெட் தரையில் விரித்தார். நான் வாயைப் பிளந்து நின்றேன். கை தடிமனில் ஒரு கறுப்புத் தண்டு; அதிலிருந்து கிளைகள்; கிளைகளிலிருந்து மஞ்சள், பச்சை, ஊதா என்று நரம்புகள். ஒரு நுனி காற்றை அளக்குமாம், ஒன்று சூட்டைப் பார்க்குமாம், ஒன்று இன்ஜினின் நடுக்கத்தைக்கூட ஒட்டுக்கேட்குமாம். பெசன்ட் நகருக்கு நான் பஜ்ஜி தின்னப் போனபோதெல்லாம் என் காலுக்கு முன்னால் இதில் பாதிப் பேச்சுவார்த்தையாவது நடந்திருக்குமே! கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பதுபோல அதைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வேலை முடிந்து சாவியைத் தரும்போது பாஸ்கர் ஸ்டீயரிங் பக்கம் காட்டி ஏதோ சொன்னார். நான் இன்னும் அந்தப் பிரமிப்பில் இருந்தேன். பலமாகத் தலையாட்டினேன். (தலையாட்டுவதில் நான் கெட்டிக்காரன்.)

மாப்பிள்ளை அழைப்பு நாள் மாலை. ரோஜாவும் சம்பங்கியுமாகக் கார் ஜொலித்தது. பின்சீட்டில் கோட்டுசூட்டோடு கார்த்தி. முன்னால் மேளம். பிள்ளையார் கோயிலிலிருந்து கிளம்பி மண்டபத்துக்கு ஒரு தெரு இருக்கும்போது, தவில்காரர் உற்சாகம் வந்து தனியாக வாசிக்க ஆரம்பித்தார். என் மாமனார் கையைக் காட்ட, இன்ஜினை அணைத்தேன்.

சும்மா இருந்திருக்கலாம். சாவித் துவாரத்துக்குப் பக்கத்தில் கறுப்பு டேப் ஒன்று அசிங்கமாகச் சுருண்டு தொங்கியது. வீடியோவில் விழுமே என்று பிய்த்தேன். புளியங்கொட்டை அளவில் ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது. ஜன்னல் வழியாக வெளியே எறிந்தேன்.

தவில் ஓய்ந்தது. சாவியைத் திருப்பினேன். இன்ஜின் உறுமியது, நாதஸ்வரம் எழுந்தது. இரண்டு விநாடியில் இன்ஜின் நின்றது, நாதஸ்வரமும் நின்றது. மறுபடி திருப்பினேன். மறுபடி அதே கச்சேரி. மூன்றாவது தடவை நாதஸ்வரக்காரர் வாசிக்காமல் என்னையே பார்த்தார்.

"மாப்பிள்ளே, தள்ளிக்கிட்டே போயிடலாமா?" என்று என்னைக் கேட்டார் மாமனார். நல்ல காரியத்துக்குப் போகிற வண்டியைத் தள்ளுவதா என்று ஒரு சித்தி அழவே ஆரம்பித்துவிட்டார்.

கார்த்தியின் போன் அடித்தது. கல்யாணப் பெண் நித்யா. விஷயத்தைச் சொன்னான். கொஞ்ச நேரத்தில், பட்டுப்புடவையைக் கொசுவத்தோடு தூக்கிப் பிடித்தபடி, தலை நிறையப் பூவோடு அந்தப் பெண்ணே தெருவில் வந்துகொண்டிருந்தாள். பின்னாலேயே அவள் அம்மா, "அடியே, பொண்ணு இப்படித் தெருவுக்கு வரலாமாடி!" என்று ஓடிவந்தார். நித்யா ஏதோ கார் கம்பெனியில் வேலை பார்க்கிறாள் என்பது எனக்குத் தெரியும். இன்ஜின் கம்ப்யூட்டர்களைச் சோதிப்பதுதான் அந்த வேலை என்பது தெரியாது.

"அண்ணா, இன்ஜின் மாத்துனீங்களா?"

"ஆமாம்மா."

"கம்ப்யூட்டரோடவா?"

"கம்ப்யூட்டரோடதான்."

"சாவி மட்டும் உங்க பழைய சாவி. அப்போ அந்த வண்டி சாவியில இருந்த சிப்பை இங்க பக்கத்துலதான் ஒட்டியிருப்பாங்க. கம்ப்யூட்டர் அதைத் தேடும். இல்லேன்னா திருட்டு வண்டின்னு நினைச்சு உடனே நிறுத்திடும்."

"கறுப்பா, புளியங்கொட்டை சைஸ்ல இருக்குமா?"

"அதேதான்! பார்த்தீங்களா?"

"பார்த்தேன். தூக்கிப் போட்டுட்டேன்."

சுமதி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

அப்புறம் ஊர்வலம் மொத்தமும் தரையில் இறங்கியது. மாமனார், சித்தி, தவில்காரர், கோட்டுசூட்டு மாப்பிள்ளை எல்லோரும் ரோஜா இதழ்களை விலக்கி விலக்கித் தேடினோம். மாமனார் நிஜமாகவே ஒரு புளியங்கொட்டையைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். கடைசியில் சாக்கடை மூடி ஓரத்திலிருந்து சிப்பை எடுத்தவன் கார்த்தி.

ஒட்ட டேப் இல்லை. நித்யா சட்டென்று என் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்து, மருதாணிக் கையால் சிப்பைச் சாவிக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டாள். "இப்போ திருப்புங்கண்ணா."

திருப்பினேன். இன்ஜின் பூனைபோல முனக ஆரம்பித்தது. நிற்கவில்லை. அவள் விரலில் இருந்த அந்தத் துணுக்கை எங்கேயோ இருந்த ஒரு பெட்டி அடையாளம் கண்டு, 'சரி, போ' என்றிருக்கிறது. எனக்குப் புல்லரித்தது. மண்டபம் வரை அவள் கையை எடுக்கவில்லை. மாப்பிள்ளை அழைப்பில் பெண்ணும் சேர்ந்து வந்து இறங்கியதைப் பார்த்து, வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்ற பெண்கள் யாருக்கு முதலில் சுற்றுவது என்று தெரியாமல் விழித்தார்கள்.

அடையாறில் கார்த்தி, நித்யா வீட்டு ஹாலில் இன்றைக்கும் ஒரு போட்டோ மாட்டியிருக்கிறது. நடுவில் நித்யா இடுப்பில் கைவைத்து நிற்கிறாள். அவளைச் சுற்றி மாப்பிள்ளை வீட்டார் மொத்தமும் தரையோடு தரையாகக் கிடக்கிறோம். டயருக்கு அடியில் எட்டிப் பார்க்கும் என் நெற்றி தார் ரோட்டிலேயே படுகிறது.

புதிதாக வருகிறவர்கள், "என்னங்க இது, எல்லாரும் பொண்ணு கால்ல விழறீங்க?" என்று கேட்பார்கள்.

"எங்க வீட்டு வழக்கம் அது," என்பான் கார்த்தி. "எங்க மாமா ஆரம்பிச்சு வச்சாரு."