மூன்று வீட்டுச் சுவரில் தொங்கியவர்

செத்துப்போன பிறகு செவுத்தப்பா அளவுக்கு உழைத்த மனிதர் இந்தத் தமிழ்நாட்டிலேயே கிடையாது. யார் வந்து மறுத்தாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வாரத்தில் ஐந்து நாள், பொழுது சாய்ந்ததும், கழுத்தில் மாலையும் கண்ணாடி மேல் சந்தனம் குங்குமமுமாக, டி.வி. பெட்டிக்குள் ஒரு சுவரில் அசையாமல் நின்று உழைத்தது அந்த முகம். முகத்துக்குச் சொந்தக்காரரோ அதே நேரத்தில் திண்டிவனம் பஸ் நிலையத்துக்கு எதிரே டீக்கடையில் மசால்வடையைப் பிய்த்துக்கொண்டிருப்பார்.

அம்மா அப்பா வைத்த பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். வயிற்றுப்பாட்டுக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டியில் வேலை. மூட்டை நிரம்பியதும் கோணி ஊசியால் அதன் வாயைத் தைப்பார். அவர் வாயைத் தைக்கத்தான் மண்டியில் ஆளில்லை. ஆத்மதிருப்திக்கு நடிப்பு.

நான் அவரை முதலில் பார்த்தது 1993-இல். விழுப்புரத்தில் ஒரு ஸ்டுடியோவில் நான் லைட் பிடிக்கிற வேலையில் இருந்தேன். கோலியனூரில் திருவிழா, மேடையில் சமூக நாடகம், படம் எடுக்கப் போயிருந்தோம். செவுத்தப்பா அண்ணனுக்குக் கதாநாயகனின் அப்பா வேஷம். இரண்டாவது காட்சியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு 'மகனே' என்று சொல்லிவிட்டு விழ வேண்டும், அவ்வளவுதான்.

நெஞ்சைப் பிடித்தார். பிடித்துக்கொண்டே மேடையை ஒரு சுற்று சுற்றினார். மூக்குக்கண்ணாடி உடைந்துவிடக்கூடாது என்று கழற்றி, மடித்து, சட்டைப்பையில் வைத்தார். விழுவதற்கு இடம் தேடினார். பிடித்த இடம் கிடைத்ததும் தோள் துண்டால் அதைத் தட்டிச் சுத்தம் செய்தார். பிறகு இருமினார், 'மகனே' என்றார், பனைமரம் சாய்கிற மாதிரி சாய்ந்தார். கூட்டம் விசிலடித்தது. பின்னாலிருந்து ஒருவன் 'ஒன்ஸ்மோர்' என்று கத்தினான்.

பாட்டுக்கு ஒன்ஸ்மோர் கேட்டுப் பார்த்திருக்கிறேன். சாவுக்குக் கேட்டு அன்றைக்குத்தான் பார்த்தேன். பிணம் எழுந்தது. நான்கு பக்கமும் கும்பிட்டது. மறுபடி நெஞ்சைப் பிடித்தது. மூன்றாவது ஒன்ஸ்மோருக்கு, கிணற்று மோட்டார் ரூம் சாவி எங்கே இருக்கிறது என்று மகனுக்குச் சொல்லிவிட்டுச் செத்தார். அது நாடகத்திலேயே இல்லாத சாவி. அம்மாவாக நடித்த பெண்மணி நான்கு தடவை பொட்டை அழித்து மூன்று தடவை வைத்துக்கொண்டார்.

திரை விழுந்ததும் நாடகக்காரர் பிடித்துக்கொண்டார். "என்னாய்யா நீ, செத்துக்கினே இருந்தா ஈரோ எப்பய்யா பழி வாங்குறது?"

"நாலு பேரு ஆசப்பட்டுக் கேக்கறாங்க. அப்ப எப்டிண்ணே பொழைக்க முடியும்?" என்றார் இவர், ரொம்ப நியாயமாக.

அத்தோடு ஆயிற்று. அதற்குப் பிறகு உயிரோடு இருக்கிற வேஷம் அவருக்கு யாரும் கொடுக்கவில்லை. விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் எத்தனை மேடை உண்டோ அத்தனையிலும் செத்தார். விஷம் குடித்து, பாம்பு கடித்து, மகள் ஓடிப்போன செய்தி கேட்டு, ஒரு தடவை லாட்டரியில் பரிசு விழுந்த சந்தோஷத்தில். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். இவர் யானையில் பாதி. இறந்தால் மட்டும்தான் விலை.

அப்புறம் வீட்டுக்கு வீடு தொடர் நாடகம் நுழைந்த காலம் வந்தது. யாரோ கைகாட்டி, சென்னையில் ஒரு தொடரில் அண்ணனுக்கு அப்பா வேஷம் கிடைத்தது. மூன்றாவது நாள் கதைப்படி காலமானார். ஊரே பார்த்தது. சரி, அவ்வளவுதான் என்று மறுநாள் மண்டிக்குப் போய் ஊசியைக் கையில் எடுத்தவருக்கு ஆள் வந்தது. செத்தவர் படம் ஒன்று வேண்டும், சுவரில் மாட்ட.

அதற்குள் நான் திண்டிவனத்தில் சொந்தமாகச் சின்னதாய் ஒரு ஸ்டுடியோ போட்டிருந்தேன். நேரே என்னிடம் வந்து உட்கார்ந்துவிட்டார். செத்தவர் படம்தானே, நேராகப் பாருங்கள், ஒரே கிளிக் என்றேன். மனிதர் எழுந்து என் கேமராவைக் கையால் மறைத்தார்.

"அவசரப்படாத தம்பி. இந்தப் படத்துக்கு முன்னால என்னென்ன நடக்கும்னு ரோசன பண்ணு. பொண்ணு வந்து அழுவும், அப்ப நான் ஆறுதலா இருக்கணும். வில்லன் வந்து சிரிப்பான், அப்ப முறைக்கணும். சின்ன மருமவ வந்து சாவியத் திருடுவா, அப்ப எனக்குத் தெரியும்ங்கற மாதிரி இருக்கணும். எல்லாம் ஒரே மூஞ்சில வரணும்."

இரண்டு ரோல் பிலிம் தீர்ந்தது. ஆறுதல் வந்தால் முறைப்பு போய்விடும். முறைப்பைப் பிடித்தால் மூல வியாதிக்காரர் மாதிரி தெரிவார். கடைசியில் பக்கத்து ஓட்டலில் சாம்பார் தீய்கிற வாசனை வந்தது. அது என்ன வாசனை என்று ஒரு கணம் யோசித்தார் பாருங்கள், அந்த முகம். அழுதால் ஆறுதல், சிரித்தால் கோபம், திருடினால் சாட்சி. அதைத்தான் அழுத்தினேன்.

அந்தப் படம் போட்ட போடு சாதாரணப் போடு இல்லை. முதல் தொடரில் மாட்டியதைப் பார்த்து இன்னொரு கம்பெனி கேட்டது. அப்புறம் மூன்றாவது. ஒரு காலத்தில் அடுத்தடுத்து மூன்று தொடர்களில், மூன்று குடும்பங்களின் கூடத்தில் ஒரே அண்ணன் தொங்கினார். எங்கள் தெருப் பெண்களுக்கு முதலில் குழப்பம், பிறகு சந்தேகம். இட்லிக்கடை வைத்திருந்த அம்மா ஒருநாள் அவரைப் பார்த்துக் காறித் துப்பாத குறை. மனுஷன் செத்த பிறகுதான் எத்தனை குடும்பம் வைத்திருந்தான் என்பதே தெரியவருகிறது என்று சொன்னார். செவுத்தப்பா என்ற பட்டம் அந்த இட்லிக்கடையில்தான் வெந்து இறங்கியது.

படம்தானே, அது பாட்டுக்குத் தொங்கட்டும் என்று விட்டாரா? கூடத்தில் படப்பிடிப்பு இருக்கிற நாளெல்லாம் விடியற்கால பஸ்ஸைப் பிடித்துச் சென்னைக்குப் போவார். கேட்டால், தொங்குவது படம்தான் என்றாலும் முகத்துக்குப் பொறுப்பு என்று ஒன்று இருக்கிறதே என்பார். மாலையைத் தன் கையால்தான் மாட்டுவார். காட்சி நடக்கும்போது கேமராவுக்குப் பின்னால் நின்று, கதாநாயகி அழுதால் இவரும் ஆறுதல் முகம் காட்டுவார். டைரக்டர் முதலில் துரத்தினார். பிறகு, மாலை மாட்ட ஒரு ஆள் மிச்சம் என்று விட்டுவிட்டார்.

வெளியில் தலைகாட்டத்தான் முடியவில்லை. பஸ் நிலையத்தில் அவரைப் பார்த்தால் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். சிலர் தொட்டுப் பார்ப்பார்கள். மல்லாட்டை விற்க வந்த ஒரு பெரியம்மா அவர் வடை தின்றுகொண்டிருந்ததைப் பார்த்து வழியிலேயே நின்றுவிட்டார்.

"உம் பெரிய பையன் வீட்ட எழுதி வாங்கிட்டான். பொண்டாட்டி மாட்டுக் கொட்டாயில படுத்துக்கினு இருக்கா. நீ இங்க வட துன்னுக்கினு இருக்கியா?"

அண்ணன் வடையைக் கீழே வைத்தார். அவர் செத்த பிறகு, படம் தொங்கிய கூடத்தைத் தாண்டிக் கதையில் என்ன நடந்தது என்பது அவருக்கே தெரியாது. "எப்ப நடந்துச்சும்மா இது?" என்று நிஜமாகவே பதறிக் கேட்டார்.

இவ்வளவு கூத்திலும் அந்தத் தொடரை ஒரு நாளும் பார்க்காத ஜீவன் ஒன்று உண்டு. அவர் வீட்டு அண்ணிதான். கட்டிய புருஷனுக்கு மாலை போட்டு எதிரில் ஊதுபத்தி கொளுத்தினால் எந்தப் பெண் பார்ப்பாள்? அந்த நேரம் வந்தால் டி.வி.யை நிறுத்திவிட்டு, தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கொல்லைப்புறம் போய் உட்கார்ந்துவிடுவார். மேடை நாடகத்துக்கும் ஒரே ஒரு தடவை போய், முதல் சாவிலேயே எழுந்து வந்தவர். ஊர் மொத்தமும் அண்ணன் முகத்தைப் பார்த்தது, வீட்டுக்காரி பார்க்கவில்லை. அண்ணனுக்கு அது உள்ளே உறுத்திக்கொண்டே இருந்தது. வெளியே சொல்ல மாட்டார்.

அந்த நேரத்தில்தான் அவர் மகளுக்குக் கெடாரிலிருந்து வரன் வந்தது. நிலம் நீச்சு உள்ள குடும்பம், நல்ல பையன். பெண்ணுக்கும் பிடித்திருந்தது. பெண் பார்க்க வேனில் வந்தார்கள். மாப்பிள்ளையின் அத்தைதான் அந்த வீட்டில் எல்லாம். அந்த அம்மா கையில் பூ பழத் தட்டோடு வாசற்படி ஏறினார். வாங்க வாங்க என்று கும்பிட்டபடி எதிரே வந்தார் செவுத்தப்பா. தட்டு விழுந்தது. வாழைப்பழம் நாலு பக்கமும் ஓடியது.

அத்தை உட்கார்ந்து தண்ணீர் குடித்து, மூச்சு வாங்கி, பெண்ணைப் பார்த்து, குறை ஒன்றும் இல்லை என்று சொல்லி, கடைசியில் விஷயத்துக்கு வந்தார். "நடிப்புன்னு கண்ணுக்குத் தெரியுதுங்க. மனசு ஒத்துக்கலியே. நீங்க செத்த அன்னிக்கு எங்க வீட்ல நான் கொழம்பு வைக்கல. தெனம் மாலையோட பார்த்த மூஞ்சி, அது தாரை வாத்துக் குடுத்தா எங்க புள்ளைக்கு ஆவுமா?"

அந்த மாலை இறங்கட்டும், தாம்பூலம் மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு வேன் கிளம்பிவிட்டது. மகள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அண்ணி சத்தம் போடவில்லை. "எம் பொண்ணா, அந்தச் செவுரா? இன்னிக்குச் சொல்லிடுங்க" என்று மட்டும் கேட்டார்.

அன்றைக்கு என் ஸ்டுடியோவில் வந்து உட்கார்ந்தார். மற்ற இரண்டு தொடரும் அதற்குள் முடிந்திருந்தன. மிச்சம் இருந்தது அந்த முதல் சுவர் ஒன்றுதான்.

"அந்த மால எறங்கிச்சுன்னா படமும் எறங்கிரும் தம்பி. படம் எறங்கிச்சுன்னா நான் வெறும் மூட்ட தைக்கிறவன்" என்றார்.

மறுநாள் டைரக்டரிடம் போய் முறையாகத்தான் கேட்டிருக்கிறார், தயவுசெய்து என்னைப் பிழைக்க வையுங்கள் என்று. நாலு நாள் உங்களுக்குக் கொள்ளி வைத்துக் காட்டியிருக்கிறோம், அஸ்தியைக் கடலில் கரைத்தாயிற்று, அடுத்த வாரக் கதையில் கதாநாயகி உங்கள் படத்துக்கு முன்னால் சபதம் போட வேண்டும், போய் மாலையை மாட்டுங்கள் என்று அவர் சொல்லிவிட்டார்.

இவர் போனார். பையிலிருந்து மாலையை எடுத்தார். பார்த்தார். மடித்து மறுபடி பைக்குள்ளேயே வைத்துவிட்டார். அவ்வளவுதான் செய்தார். மாலை அவர் பொறுப்பு என்பதால் வேறு யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. கூடத்தில் நடக்கிற பத்து நாள் கதையையும் அந்த ஒரே நாளில் எடுத்து முடித்துவிட்டார்கள்.

ஆக, பத்து நாள் அந்தப் படம் மாலை இல்லாமல் வீட்டுக்கு வீடு போயிற்று. நம் ஜனங்களைச் சும்மா சொல்லக்கூடாது. கதாநாயகியின் சபதத்தை ஒருவரும் கவனிக்கவில்லை. மாலை எங்கே, அப்பா உயிரோடு இருக்கிறாரா என்று கம்பெனிக்குப் போன் மேல் போன், கார்டு மேல் கார்டு. மரக்காணத்திலிருந்து ஒரு அம்மா, எனக்கு அன்றைக்கே தெரியும், பாடையில் கட்டைவிரல் ஆடியது என்று எழுதியிருந்தாராம். ஆடித்தான் இருக்கும்.

டைரக்டர் அண்ணனைக் கூப்பிட்டுத் திட்டு திட்டென்று திட்டினார். ஆனால் கதை எழுதுகிறவர் மூன்று மாதமாகக் கதை இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தார். கிடைத்ததை விடவில்லை. எரிந்தது வேறு ஆள், அப்பா ஞாபகம் தவறித் திருவண்ணாமலையில் சாமியார்களோடு இருந்தார் என்று ஒரே மூச்சில் எழுதிவிட்டார். அண்ணனுக்கு வசனம் இவ்வளவுதான். கதவைத் திறந்துகொண்டு வந்து, மனைவியைப் பார்த்து, "நான் வந்துட்டேன். குடிக்கத் தண்ணி குடு."

பத்து வருஷம் செத்தே பழகியவருக்கு உயிரோடு பேசுவது சுலபமாக வரவில்லை. மண்டியில் மூட்டைகளுக்கு நடுவில் நின்று நாள் முழுக்கச் சொல்லிப் பார்த்தார். அவர் சொல்லும்போதெல்லாம் யாராவது ஒருவர் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள். மறுக்க மனமில்லாமல் குடித்துவிடுவார். பொழுது போவதற்குள் அரைக்குடம் உள்ளே போயிருந்தது.

அந்தக் காட்சி வந்த சாயங்காலம் அவர் வீட்டுக் கூடத்தில் கால் வைக்க இடமில்லை. கெடார் அத்தை பஸ் ஏறி நேரிலேயே வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அண்ணன் ஓரமாகத் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு, சாப்பிடுகிற மாதிரி நடித்துக்கொண்டிருந்தார். அண்ணி கொல்லைப்புறம் போகவில்லை. அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கதவு திறந்தது. தாடியும் அழுக்குத் துண்டுமாக அவர் உள்ளே வந்தார். சுற்றவில்லை, இருமவில்லை, சொந்தமாக ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. வசனத்தைச் சொன்னார். கெடார் அத்தை ஓவென்று அழுதுவிட்டு, அடுக்களைக்குள் போய்ச் சர்க்கரை டப்பாவைத் தேடி எடுத்துவந்து, சம்பந்தி வாயில் ஒரு கை போட்டார். தாம்பூலம் அப்போதே முடிந்த மாதிரிதான்.

அண்ணி எதையும் கவனிக்கவில்லை. டி.வி.யில் நின்ற ஆளையே வைத்த கண் எடுக்காமல் பார்த்தார். இரண்டடி தள்ளிச் சோற்றுத் தட்டோடு உட்கார்ந்திருந்த ஆளை மறந்தே போனார்.

"எப்டி எளச்சிப் போயிட்டாரு பாருங்க" என்றார். சொல்லிவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு அப்போதுதான் நிஜமாகச் சாப்பிட ஆரம்பித்தார்.

அதற்கப்புறம் அவர் பயந்தபடியே ஆயிற்று. உயிரோடு இருக்கிற அப்பாவுக்குத் தினமும் வசனம் எழுத வேண்டும், சாப்பாடு போட வேண்டும். ஐந்தாம் நாள் கதையில் அவரைக் காசிக்கு அனுப்பிவிட்டார்கள். காசிக்குப் போனவர் படத்தை யாரும் மாட்டுவதில்லை. திரும்ப வந்த ஆள் ராசியில்லை என்று வேறு கம்பெனிகளும் கூப்பிடவில்லை. தை மாதம் மகளைத் தாரை வார்த்துக் கொடுத்தார். மறுநாள் ஊசியோடு மண்டிக்குப் போனார். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை குறைபட்டு நான் கேட்டதில்லை.

நான் இப்போது விழுப்புரத்துக்கே திரும்பிவிட்டேன். சென்னைக்குப் போய்த் திரும்பும்போது டிக்கெட்டை விழுப்புரத்துக்குத்தான் எடுப்பேன். திண்டிவனம் வந்ததும் கால் தன்னால் இறங்கிவிடும். மண்டிக்குள் போய், எப்படிண்ணே இருக்கீங்க என்று கேட்பேன். ஊசியைத் தலைத்துண்டில் செருகிக்கொண்டு நிமிர்ந்து பார்த்து, "இருக்கேன் தம்பி" என்பார். அதைக் கேட்டுவிட்டு அடுத்த பஸ் பிடித்து, நின்றுகொண்டே ஊர் போய்ச் சேர்வேன்.