ஸ்டேஷனுக்கு நாற்பது வார்த்தை

இங்கிலீஷ் தெரிந்தவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இங்கிலீஷ் தெரியாதவர்களையும் பார்த்திருப்பீர்கள். நானும் நீங்களும் அந்தக் கூட்டம்தான், வெளியே சொல்லிக்கொள்வதில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஓர் இனம் உண்டு. இவருக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் இங்கிலீஷ்காரனுக்கே தெரியாத இங்கிலீஷ் வார்த்தைகள் எல்லாம் தெரியும். வார்த்தைக்காரர் என்று இவருக்கு நான் பெயர் வைத்திருக்கிறேன்.

அடையாளம் காண்பது சுலபம். சட்டைப் பையில் பேனாவுக்குப் பின்னால் ஒரு சின்ன நோட்டு துருத்திக்கொண்டிருக்கும். மணி என்ன என்று இங்கிலீஷில் கேட்டால் வாட்சைப் பார்ப்பார், வானத்தைப் பார்ப்பார், பிறகு விரலைக் காட்டுவார். ஆனால் அடிக்கடி மணி கேட்பவன்மேல் வருகிற எரிச்சலுக்கு இங்கிலீஷில் ஏழு வார்த்தை சொல்வார், அதில் நான்கு லத்தீனிலிருந்து வந்தவை என்றும் சேர்த்துச் சொல்வார். துக்க வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றிவிட்டு, எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்து, 'லாக்ரிமோஸ்' என்று தலையை ஆட்டுவார். அழுதுகொண்டிருப்பவர்கள் சட்டென்று நிறுத்திவிடுவார்கள். கண்ணீர் மல்கிய நிலை என்று அவரே பொருளும் சொல்வார். மறுபடி அழுகையை ஆரம்பிக்க அவர்கள் படும் பாடு கொஞ்சமல்ல.

இத்தனை வார்த்தையும் ஒரு மண்டைக்குள் எப்படி நிற்கிறது? அங்கேதான் தந்திரம். சும்மா உட்கார்ந்து உருப்போடுவது வார்த்தைக்காரருக்குக் கேவலம். ஒவ்வொரு வார்த்தையையும் கண்ணுக்குத் தெரிகிற ஏதாவது ஒன்றில் கட்டிப்போட்டால்தான் அவருக்கு நிம்மதி.

இந்த இனத்தின் உத்தமமான உருப்படி என்று நான் கண்டது திண்டிவனம் சவரிராயனை. வயது இருபத்தேழு, பி.எஸ்ஸி., விழுப்புரத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் வாத்தியார். நான் விழுப்புரத்தில் ஓர் ஆபீஸில் வேலை பார்த்தேன். இருவரும் சீசன் டிக்கெட், ஒரே பாசஞ்சர், ஒரே பெட்டி. நான் எண்பத்து நான்கிலிருந்து எண்பத்தாறு வரை அந்தப் பெட்டியில் அனுபவித்ததைத்தான் சொல்கிறேன்.

முதலில் அவர் வார்த்தைகளை வீட்டில்தான் கட்டிப்போட்டார். சமையலறை டப்பாக்களில் சீட்டு எழுதி ஒட்டினார். மிளகாய்த்தூள் டப்பாவில் 'அக்ரிமோனியஸ்', அதாவது காரசாரமான சண்டை. அவருடைய அம்மா சூசை மேரி நாலாம் வகுப்புக்கு மேல் படித்தவரல்ல. ஆறே மாதத்தில் பக்கத்து வீட்டுக்காரியிடம், "அக்ரிமோனியஸ் ஆயிப்போச்சுடி, ஒரு கரண்டி குடு" என்று கேட்குமளவுக்கு வந்துவிட்டார். மகனுக்குத்தான் அந்த வார்த்தை வேண்டும்போது வரவில்லை, தும்மல் வந்தது.

டப்பாக்கள் தீர்ந்த பிறகு அவர் பார்வை ரயில்மேல் விழுந்தது. திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம். தினமும் பார்க்கிற இடம், மறக்கவே மறக்காது. ஸ்டேஷனுக்கு நாற்பது வார்த்தை என்று இறக்கி வைத்தார். திண்டிவனம் பிளாட்பாரத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்கிறவர் எந்தப் பெட்டியில் எட்டிப் பார்த்தாலும் இருப்பார், ஆகவே அவர் 'உபிக்விட்டஸ்', எங்கும் நிறைந்தவர். மயிலத்தில் ஏறும் துரைக்கண்ணு விழுப்புரம் வரை வாயை மூடமாட்டார், அவர் 'லொக்வேஷியஸ்'. பேரணி ரயில்வே கேட்டில் பச்சைக் கொடியோடு நிற்கும் அப்பாதுரை, இரண்டு வருடத்தில் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. அவர் 'டேசிடர்ன்', வாய் திறக்காதவர். விக்கிரவாண்டியில் கிராசிங் என்று எக்ஸ்பிரஸுக்கு வழிவிட எங்கள் வண்டியை நிறுத்திப் போட்டுவிடுவார்கள், அந்த நிற்றலுக்கு 'ப்ரோக்ராஸ்டினேட்', தள்ளிப்போடுதல். முண்டியம்பாக்கம் ரோட்டில் அசைந்து அசைந்து போகும் கரும்பு வண்டிகள் 'பாண்டரஸ்', கனத்து மெல்ல நகர்பவை.

இதையெல்லாம் அவர் மனதுக்குள் செய்திருந்தால் எனக்கென்ன? சத்தமாகச் செய்தார். தினமும். போகும்போது வார்த்தை, திரும்பும்போது எதிர்ச்சொல்.

எதிர்சீட்டில் அமல்ராணி உட்கார்ந்திருப்பாள். கிளியனூர்ப் பெண், விழுப்புரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தற்காலிக டீச்சர், சவரிராயனுக்கு மாமன் மகள் முறை. முறை மட்டுமல்ல, மனதும்தான். பெட்டி முழுக்கத் தெரியும். தடையாக இருந்தவர் அவளுடைய அப்பா செபஸ்தியான். மூன்று காணி மல்லாட்டை போடுகிற அவருக்கு, வெயிலில் காயாத மாப்பிள்ளை வேண்டும். டைப்ரைட்டிங் வாத்தியார் எல்லாம் கணக்கில் வராது. "பேங்க் வேல வரட்டும், மறு ஞாயித்துக்கெழமையே கோயில்ல ஓல படிச்சிடலாம்" என்று சொல்லிவிட்டார். மாதா கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலையைச் சாமியார் பூசையில் மூன்று ஞாயிறு வாசித்தால்தான் தாலி. அந்த மூன்று ஞாயிறுக்காகத்தான் இத்தனை ஸ்டேஷனும்.

ஒருநாள் அமல்ராணி கேட்டாள். துரைக்கண்ணு இருமுகிற இடைவெளியில் கேட்டதால் எங்களுக்கும் காதில் விழுந்தது.

"எல்லாருக்கும் ஒரு வார்த்த வெச்சிக்கினு இருக்கீங்க மாமா. எனக்கு இன்னா வார்த்த?"

"உனக்கு ஒண்ணும் வெக்கல" என்றார் சவரிராயன். "மறந்துபூடும்னு பயப்படறதுக்குத்தானே வெக்கறது."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, எனக்குக் கண் கலங்கிவிட்டது. லாக்ரிமோஸ்.

எண்பத்தாறில் பேங்க் பரீட்சை வந்தது. வயது வரம்புப்படி அவருக்கு அதுதான் கடைசி. இதில் விட்டால் கிளியனூரில் வேறு மாப்பிள்ளை பார்ப்பார்கள் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தனியாக எழுதினால் வராது, துணைக்கு ஆள் வேண்டும் என்று அமல்ராணிக்கும் அவரே விண்ணப்பம் வாங்கி, அவரே பூர்த்தி செய்து, அவரே தபாலில் போட்டார். ஞாயிற்றுக்கிழமை விழுப்புரத்தில் இருவரும் வேறு வேறு ஹாலில் எழுதினார்கள்.

திங்கட்கிழமை பாசஞ்சரில் சவரிராயன் வாயைத் திறக்கவில்லை. மயிலம் தாண்டிய பிறகு துரைக்கண்ணுவே பொறுக்க முடியாமல் என்ன ஆச்சு என்று கேட்டார்.

"விக்கிரவாண்டியில வண்டி நின்னுபோச்சுங்க" என்றார் சவரிராயன்.

நடந்ததைத் துண்டு துண்டாகத்தான் சொன்னார். முதல் கேள்விக்கு உபிக்விட்டஸ், திண்டிவனத்திலேயே கிடைத்துவிட்டது. இரண்டாவது கேள்விக்கு முண்டியம்பாக்கம் போகவேண்டும். நேராக முண்டியம்பாக்கத்தில் குதிக்க முடியுமா? இரண்டு வருடமாக வண்டி எப்படிப் போனதோ அப்படித்தான் மனதிலும் போகும். திண்டிவனத்தில் ஏறினார், மயிலம் வந்தது, துரைக்கண்ணு ஏறினார், பேரணி வந்தது, கொடி தெரிந்தது. விக்கிரவாண்டி வந்தது. வண்டி நின்றது. தினமும் நிற்கிற வண்டி அன்றைக்கு மட்டும் எப்படி நிற்காமல் போகும்? ஒருவழியாகப் போய்ப் பாண்டரஸை எடுத்துக்கொண்டு வந்தால் மூன்றாவது கேள்விக்கு மறுபடி திண்டிவனம், மறுபடி விக்கிரவாண்டி. ஐம்பது கேள்வியில் ஒன்பதாவதில் இருக்கும்போது தாளைப் பிடுங்கிவிட்டார்கள்.

"இன்னாய்யா இது, பரீச்ச ஹால்ல ஏது கிராசிங்கு?" என்றேன்.

"எக்ஸ்பிரஸ் போவாம நான் எப்பிடிங்க வண்டிய எடுக்கறது?" என்றார்.

சீசன் டிக்கெட்காரன் புத்தி. எங்களில் ஒருவரும் சிரிக்கவில்லை, அந்த நியாயம் எங்களுக்குப் புரிந்தது. அமல்ராணி தலை நிமிரவே இல்லை. அவள் தன் பரீட்சையைப் பற்றிப் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

நான்கு மாதம் கழித்து ரிசல்ட் வந்தது. அமல்ராணி பாஸ். பிறகு நேர்முகத் தேர்விலும் தேறினாள். ஐம்பதுக்கு நாற்பத்தாறு கேள்வி எழுதியிருக்கிறாள். எப்படி என்று சவரிராயனே கேட்டார், கேட்டுவிட்டு நோட்டைத் திறந்தார், அவளுடைய தந்திரத்தை எழுதிக்கொள்ள.

"நீங்க ரயிலயும் சேத்து மனப்பாடம் பண்ணீங்க மாமா. நான் நீங்க பேசனத மட்டும் கேட்டுக்கினு வந்தேன்" என்றாள்.

அவர் அதையும் எழுதிக்கொண்டார்.

கிளியனூரில் அப்புறம் நடந்ததற்கு நான் சாட்சி. சூசை மேரி என்னைத் துணைக்கு அழைத்துப் போயிருந்தார். களத்தில் மல்லாட்டை காய்ந்துகொண்டிருந்தது. செபஸ்தியான் கட்டிலில் உட்கார்ந்து, பேங்க் வேலை பார்க்கிற பெண்ணுக்கு இனி எந்த ஊரிலிருந்தெல்லாம் மாப்பிள்ளை வருவான் என்று விரல்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார். சவரிராயன் வாசலோடு நின்றார், எல்லாம் முடிந்தது என்கிற முகத்தோடு. அமல்ராணி உத்தியோகக் கடிதத்தைக் கொண்டுவந்து அப்பாவின் மடியில் வைத்தாள்.

"பேங்க் வேல வந்தா ஓல படிக்கலாம்னு நீங்கதான்பா சொன்னீங்க. வந்துடுச்சு. யாருக்கு வரணும்னு நீங்க சொல்லல."

செபஸ்தியான் கடிதத்தைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்புறம் அப்படியே பேரணி கேட்டுக்குப் போய்விட்டார். சூசை மேரி அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு வெற்றிலைத் தட்டை நகர்த்தினார். மூன்று ஞாயிறும் ஓலை படித்தார்கள், நான் மூன்றுக்கும் போனேன். மூன்றாம் ஞாயிறு சவரிராயன் என்னை ஓரமாக அழைத்துப்போய் ஒரு ரகசியம் சொன்னார். வயது வரம்பு அதிகமுள்ள இன்னொரு பரீட்சை இருக்கிறதாம். ரயில்தான் தப்பாம், பஸ் ரூட்டில் கிராசிங் கிடையாதாம். வார்த்தைக்காரர் திருந்துவார் என்று யார் சொன்னது?

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். செபஸ்தியான் என்ன ஆனார் என்று நான் சொல்லவே இல்லையே. பேரணி கேட்டுக்குப் போய்விட்டார் என்று மட்டும்தானே சொன்னேன்? கிளியனூரில் கட்டிலில் உட்கார்ந்திருந்த மனிதர் பேரணிக்கு எப்படிப் போனார் என்று நீங்கள் கேட்கவில்லை. உங்களுக்குச் சரியாகப் புரிந்தது. அந்த இங்கிலீஷ் வார்த்தைகூட இப்போது உங்கள் நாக்கு நுனியில் நிற்கிறது. மறைக்காமல் சொல்லுங்கள், நேராகப் பேரணியில் இறங்கினீர்களா, திண்டிவனத்தில் ஏறினீர்களா?