பிராசசருக்குக் கார்டு தேடுபவர்

கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் உண்டு, விற்பவர்கள் உண்டு. இந்த இரண்டு பேருக்கும் நடுவில், யாரும் கூப்பிடாமலே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்ளும் மூன்றாவது ஆசாமி ஒருவர் உண்டு. அவர்தான் ஜோடி சேர்ப்பவர். குறைந்த விலையில் கேம் விளையாட ஒரு கம்ப்யூட்டர் வேண்டும் என்று அவர் காதுபட நீங்கள் சொல்லிவிட்டால் போதும்; எந்த பிராசசருக்கு எந்த கிராஃபிக்ஸ் கார்டு ஒத்துப்போகும் என்று கண்டுபிடிக்கும் பொறுப்பை அன்றே தன் தலையில் போட்டுக்கொள்வார். நீங்கள் கேட்டீர்களா? அதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டா?

அவருடைய கவலை ஒன்றே ஒன்றுதான். கணக்குப் போட்டு அனுப்புவது பிராசசர், அதைப் படமாக வரைந்து திரைக்குத் தருவது கார்டு. ஒன்று வேகமாகவும் மற்றது மந்தமாகவும் அமைந்துவிட்டால், வேகமானது சும்மா உட்கார்ந்து கொட்டாவி விடும். இதற்குப் பெயர் பாட்டில்நெக். அந்தச் சொல்லை உச்சரிக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்பதுபோல் குரல் தாழ்ந்துவிடும். அப்புறம் நிமிர்ந்து உட்கார்ந்து, "அவசரப்படாதீங்க, அடுத்த மாசம் புதுசு வருது" என்பார். எந்த மாதம் கேட்டாலும் அடுத்த மாதம்தான் வரும்.

எனக்குத் தெரிந்த ஒருவர் கூரியர் அலுவலகத்தில் பார்சல் பிரிக்கிறார். அவருடைய அக்கா பஸ் ஓட்டுகிறவர். மாடிப்படியில் கால் பிசகி, எலும்பு விரிசல் விட்டு, மாவுக்கட்டோடு ஆறு வாரம் லீவு. ஸ்டாப்புக்கு ஸ்டாப் நிறுத்தியே பழகிப்போன அவருக்கு, ஒரு தடவையாவது எங்கேயும் நிற்காமல் ஓட்ட வேண்டும் என்று வெகுநாள் ஆசை.

"டேய், கார் ரேஸ் ஆடற மாதிரி ஒரு சிஸ்டம் வாங்கிக் குடுடா. கட்டு பிரிக்கிறதுக்குள்ள ஆடித் தீர்த்துடறேன்" என்றார்.

கட்டு பிரிக்கிறதுக்குள்ள. இந்த இரண்டு சொல்லை மட்டும் தம்பி காதில் வாங்கவில்லை.

நல்ல பிராசசராகப் பிடித்தார். அதற்கேற்ற கார்டு பட்ஜெட்டைத் தாண்டி ஓடியது. கார்டைப் பிடித்தார், பிராசசர் நொண்டியடித்தது. இதை ஏற்றி அதை இறக்கி, அதை ஏற்றி இதை இறக்கி, ஒரு வீடியோ பார்த்து, அந்த வீடியோவைத் திட்டுகிற இன்னொரு வீடியோவையும் பார்த்து, எக்செல் ஷீட்டில் கட்டம் கட்டமாகப் பச்சையும் சிவப்பும் பூசி, முகம் தெரியாத நாலு பேரோடு இணையத்தில் சண்டை போட்டு, அதில் ஒருவரோடு மட்டும் சமாதானமாகி, மூன்றாவது வாரம் ஒரு ஜோடியை முடித்தே விட்டார். முடித்தாரா? மறுநாள் காலையில் கலைத்தார்.

"இப்ப என்னடா ஆச்சு?"

"ஆறு பர்சென்ட் பாட்டில்நெக் வருதுக்கா."

"வந்தா என்ன, வெடிச்சுடுமா?"

"கார்டு வேஸ்ட்டா உக்காந்திருக்கும்க்கா!"

"நானும்தாண்டா உக்காந்திருக்கேன்."

ஐந்தாவது வாரக் கடைசியில் எல்லாம் வந்து சேர்ந்தது. சாப்பாட்டு மேஜையில் பரப்பிவைத்து, கடைக்காரனை நம்ப முடியாது என்று தானே பூட்டி முடித்தார். அக்கா ஆசையாக உட்கார்ந்து ரேஸைத் தொடங்கினார். கார் விக்கி விக்கி நகர்ந்தது. வளைவில் திரும்பச் சொன்னால், சுவரில் முட்டிவிட்டு அப்புறம் யோசித்துத் திரும்பியது.

தம்பிக்கு வருத்தம் வந்திருக்க வேண்டும் அல்லவா? முகம் மலர்ந்துவிட்டது.

"நான் அப்பவே நினைச்சேன். பிராசசர் இழுக்கல. மாத்திடலாம்க்கா. ஒரே ஒரு வாரம் குடு."

"எனக்கு இருக்கறதே ஒரு வாரம்டா!" அக்கா காலின் கட்டைத் தட்டிக் காட்டினார். வேடிக்கை பார்க்கப் போயிருந்த எனக்கே அந்த ஆளை நாலு சாத்து சாத்தலாம் போலிருந்தது.

ஆனால் அக்கா பஸ் டெப்போவில் பழகியவர். வண்டி இழுக்கவில்லை என்றால் அங்கே யாரும் உடனே எஞ்சினை மாற்றுவதில்லை. முதலில் இறங்கி ஒரு சுற்று சுற்றிப் பார்ப்பார்கள். ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு மேஜையைச் சுற்றி வந்து, பெட்டியின் பின்பக்கம் குனிந்தார்.

"திரைக்குப் போற வயரை எதுலடா சொருகின?"

"மேல இருக்கறதுல."

"கீழ கார்டுலயும் இதே மாதிரி ஓட்டை இருக்கே. அது எதுக்கு?"

தம்பியும் குனிந்து பார்த்தார். ஐந்து வாரம் ஆராய்ந்து வாங்கிய கார்டுக்கும் திரைக்கும் தொடர்பே இல்லை. அத்தனை படத்தையும் பிராசசரே தனியாளாக வரைந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. கார்டு ஆறு பர்சென்ட்கூடச் சும்மா இருக்கக் கூடாது என்று தவித்த மனுஷர், முழுசாகவே சும்மா உட்கார வைத்திருந்தார்.

அக்கா வயரைப் பிடுங்கிக் கீழே சொருகினார். கார் சீறிக்கொண்டு பாய்ந்தது. மிச்சமிருந்த நாளெல்லாம், கட்டுப் போட்ட காலை இன்னொரு நாற்காலியில் நீட்டிக்கொண்டு, ஒருவரையும் ஏற்றாமல் இறக்காமல் பறந்தார். பார்க்க அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

தம்பி திருந்தினாரா? பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்து, "நிழல் கொஞ்சம் லேட்டா விழுதுக்கா. வேற பிராசசர் போட்டா..." என்று ஆரம்பித்தார்.

"மறைக்காத, தள்ளு."

நீங்களும் சிரித்திருப்பீர்கள். நல்லது. ஆனால் அந்த பிராசசர் எது, கார்டு எது என்று நான் இதுவரை சொல்லவே இல்லை. அதை நீங்கள் கவனிக்கவில்லை என்றால் பிழைத்தீர்கள். பாதியிலேயே மனசு அரித்து, 'என்ன மாடல்னு சொல்லாம இந்த ஆள் என்னத்த எழுதறார்' என்று முனகியிருந்தால், உங்களை நம்பிக் கம்ப்யூட்டர் கேட்டவர் யார், அவர் கேட்டு எத்தனை வாரம் ஆயிற்று என்று கொஞ்சம் எண்ணிப் பாருங்கள்.