காயில்காரர் உயிரோடுதான் இருக்கிறார்

“இந்த உறுப்பினர் காலமாகிவிட்டார். குடும்பத்தாரின் துயரில் ஊர்வலை பங்கு கொள்கிறது.”

அமலதாஸ் போனில் வந்த அதை மூன்றாம் முறையாகப் படித்தார். மேலே அவருடைய படம். படத்தைச் சுற்றிக் கறுப்புக் கட்டம். கீழே ஒரு மெழுகுவத்தி அசைந்து அசைந்து எரிந்துகொண்டிருந்தது.

“பவுலின்! இங்க வா, நான் செத்துட்டேன்!”

“கூழு கரைச்சு வெச்சிருக்கேன், குடிச்சிட்டு சாவுங்க” என்று சமையலறையிலிருந்து பதில் வந்தது.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள் அவளுடைய போனும் கிணுகிணுத்தது. அதில் வந்த செய்தி இன்னும் மோசம். துக்க வீடு என்பதால், வரும் இருபதாம் தேதிக்கான மண்டப முன்பதிவு ரத்தாகிறது. முப்பதாம் நாள் பூசைக்குப் பிறகு முயலவும்.

மகள் பிரின்சியின் கல்யாணத்துக்குப் பதினோரு நாள்தான் இருந்தது. கோயிலில் இரண்டு ஞாயிறு கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தாகிவிட்டது. கண்டமங்கலத்து மாப்பிள்ளை வீட்டார் வேன் பேசிவிட்டார்கள். திண்டிவனத்தில் அந்த மாதம் வேறு மண்டபம் எதுவும் கிடைக்காது. காலனி மண்டபத்தின் பூட்டோ ஊர்வலை சொன்னால்தான் திறக்கும்.

மண்டபம் மட்டுமல்ல. தண்ணீர் விடும் முறை, சங்கத்து ஓட்டு, கல்லறைத் தோட்டத்தில் இடம், வீட்டுப் படங்கள், ஒருவருக்கொருவர் அனுப்பும் சேதி என்று எல்லாமே போன வருஷத்திலிருந்து ஊர்வலை என்ற போன் செயலியில்தான். விழுப்புரத்திலிருந்து கோகுலகிருஷ்ணன் என்றொருவர் வந்து, கோயில் மைதானத்தில் மைக் பிடித்து விளக்கியிருந்தார்.

“இதுக்கு முதலாளி கிடையாது. கம்பெனி கிடையாது. ஒரே பதிவேடு உங்க எல்லார் போன்லயும் இருக்கும். ஊரு சேர்ந்து சொன்னதுதான் பதிவு. எந்த ஆபீசரு நெனச்சாலும் அதுல ஒரு எழுத்தக்கூட அழிக்க முடியாது!”

அன்று அதிகமாகக் கை தட்டியவர் அமலதாஸ்தான். பட்டாவில் ஓர் எழுத்தைத் திருத்த நாலு வருஷம் நடந்தவர் அவர்.

விஷயம் என்னவென்று அவருக்குச் சீக்கிரமே புரிந்தது. செத்தது இன்னொரு அமலதாஸ்.

இருவரும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ஞானஸ்நானம் பெற்றவர்கள். சாமியார் யோசிக்கச் சோம்பல்பட்டு இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே பெயரை வைத்துவிட்டார். ஒருவர் அப்பா சவரிமுத்து, இன்னொருவர் அப்பா சந்தியாகு. ஆக இருவரும் ச. அமலதாஸ். ஊருக்கு அதில் குழப்பமே கிடையாது. மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர் காயில்காரர். துணி தைக்கிறவர் தையல்காரர். ஊர்வலைக்கு மட்டும் அது தெரியாது. ஐம்பத்தெட்டு வருஷம் கூடவே திரிந்த தையல்காரர் ஒன்பது நாளைக்கு முன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மிஷின் மேலேயே சாய்ந்துவிட்டார். அந்தத் துக்கம் ஆறுவதற்குள் இது.

அமலதாஸ் ‘மறுப்பு’ என்ற இடத்தை அமுக்கினார்.

“காலமான உறுப்பினரின் மறுப்பு ஏற்கப்படாது.”

“எகத்தாளத்தைப் பாரு! உன் போனைக் குடு.”

பவுலினின் போனிலிருந்து அவரே புகார் எழுதினார். ஒரு நிமிஷத்தில் பதில் வந்தது. காலமானவரின் பெயரால் உரிமை கோரும் முயற்சி. உறுப்பினர் பவுலின் ஒரு மாதம் நிறுத்தி வைக்கப்படுகிறார்.

“செவனேன்னு கூழ் கரைச்சிக்கினு இருந்தேன். என்னையும் சேத்து இழுத்துட்டீங்களே” என்றாள் பவுலின்.

பிரின்சி கல்யாணப் புடவையை மடித்து மறுபடி பெட்டியில் வைத்தாள். அதைப் பார்த்ததும் அமலதாஸ் சட்டையை மாட்டிக்கொண்டு விழுப்புரத்துக்கு பஸ் ஏறினார்.

டயர் கடைக்கு மேலே ஒரு சின்ன அறை. கோகுலகிருஷ்ணன் கால்மேல் கால் போட்டுக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதான் உங்க ஆபீசா?”

“ஆபீஸ் இல்ல சார். நான் இங்க குடியிருக்கேன். ஆபீஸே இல்லாததுதான் ஊர்வலையோட விசேஷம்.”

“அப்ப யாரைப் போய்க் கேக்கறது?”

“யாரையும் கேக்கத் தேவையில்ல சார். அதான் விடுதலை.”

“யோவ், நான் உயிரோட நிக்கிறேன்! பாத்தா தெரியல?”

“எனக்குத் தெரியுது சார். ஆனா நான் ஒத்த ஆளு. அடக்கத்தன்னிக்கு உங்க ஊரு போனுங்களுக்குக் கேள்வி போயிருக்கு. ஏழு பேரு ‘உண்மை’ன்னு சாட்சி சொல்லியிருக்காங்க. ஏழு நாள் ஆட்சேபத்துக்கு டைம் குடுத்திருக்கு. நீங்க ஒண்ணும் சொல்லல.”

“செத்தவன் எப்படிய்யா ஆட்சேபம் சொல்லுவான்?”

“அப்ப நீங்க உயிரோடதானே சார் இருந்தீங்க?”

அமலதாஸுக்குக் காது சூடேறியது. “யாரு அந்த ஏழு பேரு? பேரைச் சொல்லு.”

“பதிவுக்கு உரியவர் மட்டும்தான் அந்தப் பட்டியலைத் திறக்க முடியும்.”

“உரியவன் நான்தான்!”

“நீங்கதான் இறந்துட்டீங்களே, சார்” என்றார் கோகுலகிருஷ்ணன், உண்மையான வருத்தத்தோடு. பிறகு குரலைத் தாழ்த்தினார். “ஜல்தியா முடியணும்னா ஒரு வழி இருக்கு. அதே வீட்டு நம்பர்ல புது ஆளா சேந்துக்கங்க. ரெண்டு நிமிஷ வேலை.”

அங்கேயே சேர்ந்தார். பஸ் கூட்டேரிப்பட்டு தாண்டுவதற்குள் காலனியில் நாற்பது போனும் ஒரே நேரத்தில் அடித்தன.

“இருபத்து மூன்றாம் எண், திருமதி பவுலின் இல்லத்தில் புதிய ஆண் உறுப்பினர் இணைந்துள்ளார். வரவேற்போம்!”

அமலதாஸ் வீட்டுக்குள் நுழைந்தபோது பவுலின் போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்திருந்தாள். மாப்பிள்ளை ஜோஸ்வினின் அம்மா ஜெயம் கண்டமங்கலத்திலிருந்து பேசிக்கொண்டிருந்தார். மண்டபத்தை முன்பதிவு செய்த நாளிலிருந்து காலனிச் செய்தியெல்லாம் அவர்கள் போனுக்கும் போய்க்கொண்டிருந்தது.

“சம்பந்தி போய்ப் பத்து நாள்கூட ஆவல. எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லல. அதுக்குள்ள இது என்னாங்க புதுசா?”

அமலதாஸ் போனைப் பிடுங்கினார். “நான்தாம்மா பேசறேன்!”

“யாரு, புதுசா வந்தவரா?”

“பழையவன்தாம்மா! பிரின்சி அப்பா!”

பிறகு ஜெயம் யாரிடமோ சொல்வது கேட்டது. “கொரலக்கூட அதே மாதிரி வெச்சிக்கினு பேசறான் பாரு.”

லைன் துண்டிக்கப்பட்டது.

பிரின்சி வாசலில் வந்து நின்றாள். “அப்பா, நீங்க இதுக்கு மேல எதுவும் சரிபண்ணாதீங்கப்பா” என்றாள்.

ஒரே வழிதான் மிச்சம். இறப்பை மறுக்க இருபத்தொரு சாட்சிகள் வேண்டும். ஒவ்வொருவரும் தங்கள் போனில் ‘இவர் உயிரோடு இருக்கிறார்’ என்று அமுக்க வேண்டும். பவுலின் நிறுத்தப்பட்டவள் என்பதால் அவளுடைய சாட்சி செல்லாது. பிரின்சியின் பெயரும் அதே குடும்ப அட்டையில் இருந்ததால் அவளுடையதும் செல்லாது. முப்பத்தெட்டு வருஷம் ஊருக்கு மோட்டார் ஓட வைத்தவர், தான் உயிரோடு இருப்பதற்குக் கையெழுத்து வாங்கத் தெருவில் இறங்கினார்.

முதல் நாள் நன்றாகத்தான் போனது. பதினைந்து பேர் சிரித்துக்கொண்டே அமுக்கினார்கள். சிலர் தொட்டுப் பார்த்துவிட்டு அமுக்கினார்கள். மறுநாளும் அவர் அப்படியே கேட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் அந்த ஏழு பேர் அவரைத் தூங்கவிடவில்லை.

ஓய்வு பெற்ற லாரி டிரைவர் துரைக்கண்ணுவின் வீட்டில் ஆரம்பித்தது.

“அமுக்கறேன் காயிலு, உக்காரு. மல்லாட்டை வறுத்திருக்கு, ரெண்டு தின்னு.”

“மொதல்ல ஒண்ணு சொல்லு. அந்த ஏழுல நீயும் ஒருத்தனா?”

“எந்த ஏழு?”

“நான் செத்துட்டேன்னு சாட்சி சொன்ன ஏழு. நம்பர் பாத்தியா, அப்பன் பேரு பாத்தியா, எதையாச்சும் பாத்தியா? ஒரு மனுசன் உயிரு உங்களுக்கு அவ்ளோ அல்பமா போச்சா?”

“அன்னிக்கு இருந்த பேஜாருல என்னாத்த அமுக்கினேன்னு எனக்கே நெனவில்ல.”

“நெனவில்லையா! கொலை பண்ணிட்டு நெனவில்லன்னு சொல்லு. கோர்ட்டுல ஒத்துக்குவான்.”

துரைக்கண்ணு வேர்க்கடலை இருந்த தட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். போனையும் வைத்துவிட்டார்.

அமலதாஸின் எண்ணிக்கை பத்தொன்பது வரைக்கும் தட்டுத் தடுமாறி ஏறியது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், மூன்றாம் ஓலை வாசித்த அதே மைக்கை அவர் கேட்டு வாங்கினார். இரண்டு பேர்தான் பாக்கி, பணிவாகக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்றுதான் போனார்.

“என்னைச் சாகடிச்ச ஏழு பேரும் இப்ப இதே கோயில்ல, இதே பெஞ்சில உக்காந்துக்கினு, நன்மை அப்பம் வாங்கிட்டு, ஒண்ணுந்தெரியாத மாதிரி என்னைப் பாத்துக்கினு இருக்கீங்க! பட்டியல் என் கைக்கு வரும். வந்த அன்னிக்கு ஒருத்தன் மூஞ்சியிலயும் முழிக்க மாட்டேன்!”

அதற்குப் பிறகு ஒரு சாட்சிகூட வரவில்லை. தன்னைத்தான் சொல்கிறார் என்று ஊரே நினைத்துக்கொண்டது.

கல்யாணத்துக்கு மூன்று நாள் இருந்தது. எண்ணிக்கை பத்தொன்பதிலேயே நின்றது.

“ஒரு வீட்டுக்கு நீங்க இன்னும் போவல” என்றாள் பவுலின்.

“போவ மாட்டேன்.”

“பொண்ணு கல்யாணம்ங்க.”

அவர் போனார். அற்புதமேரி மிஷினில் உட்கார்ந்து, தையல்காரர் பாதியில் விட்டுப்போன யாருடைய ஜாக்கெட்டையோ முடித்துக்கொண்டிருந்தாள். அமலதாஸ் வாசற்படியில் நின்றார்.

“உள்ள வாங்கண்ணா. ஊரையே திட்டிக்கினு சுத்தினீங்க. நம்ம வீட்ட மட்டும் ஏன் வுட்டுட்டீங்க?”

“எப்பிடிம்மா உன்னைக் கேப்பேன்? நான் இருக்கேன்னு நீ சொன்னா, அவன் இல்லன்னு சொன்ன மாதிரி ஆயிடுமே.”

“அவரு இல்லாதது எனக்குத் தெரியாதாண்ணா?” என்றாள் அவள்.

தன் போனை எடுத்தாள். பேரையும் அப்பா பேரையும் எண்ணையும் நிதானமாகச் சரிபார்த்தாள். அத்தனை பேரில் படித்துவிட்டு அமுக்கியவள் அவள் ஒருத்திதான். இருபது.

“இன்னொண்ணு வேணும்மா. யாரும் குடுக்க மாட்டேங்கறாங்க.”

அற்புதமேரி மிஷின் டிராயரைத் திறந்தாள். நூல்கண்டுகளுக்கு நடுவே தையல்காரரின் போன் இருந்தது. முழு சார்ஜில் இருந்தது.

“ஊர்வலையில அவரு உயிரோடதானே இருக்காரு? நேத்துகூட தண்ணி முறைக்கு அவருக்குத்தான் சேதி வந்துச்சு. நான் தெனம் சார்ஜ் போட்டு வெக்கறேன்.”

அந்தப் போனில் விரலால் ஒரு கோடு இழுத்துத் திறந்தாள். அமுக்கினாள்.

இருபத்தொன்று.

அமலதாஸின் போன் சட்டைப்பையில் துடித்தது. கறுப்புக் கட்டம் போய்விட்டது. மெழுகுவத்தியும் போய்விட்டது. இருபதாம் தேதிக்கு மண்டபம் உறுதி என்று இருந்தது. அவர் அங்கே இருந்த முக்காலியில் உட்கார்ந்தார். ஐம்பத்தெட்டு வருஷச் சிநேகிதன் வந்து, இவன் இருக்கிறான் என்று சொல்லிவிட்டுப் போனதுபோல் இருந்தது.

“அவன் பதிவை எப்பம்மா மாத்தப் போற?”

“முப்பதாம் நாளு போவட்டும்ணா. இப்ப என்ன அவசரம்?”

அவர் தலையாட்டினார். கண்ணைத் துடைத்தார். துடைத்த மாத்திரத்தில் கோபம் பழையபடி வந்து சேர்ந்தது.

“இப்ப திறக்கும்மா அந்தப் பட்டியல்! நான்தான் உயிரோட வந்துட்டேனே. தோ, திறந்துடுச்சு.” எழுத்தெல்லாம் கலங்கலாகத் தெரிந்தது. போனை அவள் கையில் திணித்தார். “நீ படி. ஏழு பேரையும் படி. ஒருத்தனையும் பந்தியில உக்கார வெக்க மாட்டேன். மொத ஆளு யாரோ, அவனைத்தான் சும்மா வுடமாட்டேன்.”

அற்புதமேரி பட்டியலைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

“வேணாண்ணா, வுட்டுடுங்க.”

“படிம்மா!”

அவள் போனை அவர் மடியில் கவிழ்த்து வைத்தாள்.

“மொத சாட்சி நீங்கதாண்ணா, அவரு குழியில மண்ணு போட்ட கையோட, அழுதுக்கினே அமுக்கினீங்க, நான் பாத்துக்கினுதான் இருந்தேன்.”