நவநீத்துக்கு ஓர் ஓட்ட வண்டி

“எழுபத்திரண்டு,” என்றார் ஸ்ரீகண்டன், வாசல் நிலையின் இரண்டு பக்கமும் டேப்பை இழுத்துப் பிடித்தபடி. “வண்டியோட அகலம் எழுபத்துநாலு. ரெண்டு சென்டிமீட்டர் இடிக்கறதே மாப்ளே!”

“அடடா,” என்றான் கைலாஷ்.

வாய்தான் அடடா என்றது. உள்ளே வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில் அந்தக் காலத்தில் இவ்வளவு குறுகலாக வாசல் வைத்த புண்ணியவானை மனதுக்குள் கும்பிட்டுக்கொண்டான். இடுப்பில் இருந்த எட்டு மாத நவநீத், தாத்தாவின் டேப்பைப் பிடுங்கக் கையை நீட்டினான்.

“அப்பா, விட்டுடுங்கோளேன். நுழையாதுன்னா நுழையாது,” என்றாள் பத்மப்ரியா, சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து.

“ரெண்டு சென்டிமீட்டருக்காக ஓட்டத்தை விடறதா? நன்னாயிருக்கு! அகலம் கம்மியா வேற மாடல் இல்லாமலா போயிடும்?”

ஸ்ரீகண்டன் முப்பது வருஷம் அணைக்கட்டு இன்ஜினீயராக இருந்து ரிட்டையரானவர். இரண்டு வீடு தள்ளித்தான் ஜாகை. கையில் அணை எதுவும் இல்லாததால் இப்போது ஜாகிங் ஸ்ட்ரோலரில் இறங்கியிருந்தார். மூன்று பெரிய சக்கரம் வைத்த வண்டி. குழந்தையை அதில் உட்கார வைத்து, பெல்ட் போட்டு, பெற்றவர்கள் தள்ளிக்கொண்டே ஓடலாம். பேரன் பிறந்த பிறகு பெண்ணும் மாப்பிள்ளையும் முறை வைத்து ஓடுவது அவர் மனதை உறுத்திக்கொண்டே இருந்தது.

“திங்கள், புதன், வெள்ளி நீங்கோ. செவ்வாய், வியாழன், சனி அவ. ஆம்படையான் பெண்டாட்டியா, இல்லே ஷிஃப்ட் டூட்டியா? வண்டி என் கிஃப்ட். மூணு பேரும் சேர்ந்தே போங்கோ,” என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இதில் ஒரே ஒரு சிக்கல்தான். கைலாஷ் ஓடுவதில்லை.

முன்பெல்லாம் ஓடினவன்தான், பொய்யில்லை. கல்யாணமான புதிதில் இரண்டு பேரும் சேர்ந்தே ஓடினார்கள். குழந்தை பிறந்து நாலாவது மாதம், ஒரு திங்கட்கிழமை, ஈஞ்சக்கல் தாண்டி பைபாஸ் ஓரத்தில் அவனுடைய ஷூ லேஸ் அவிழ்ந்தது. கட்டுவதற்காக ஒரு சாயாக்கடை பெஞ்சில் உட்கார்ந்தான். கடைக்கார ரத்னாபாய் கேட்காமலே ஒரு சாயாவை நீட்டினாள். நேந்திரம்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த பழம்பொரி சுடச்சுட வந்தது. எதிரே லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. அதில் ஒரு ஹாரன்கூட அவனைக் கூப்பிடவில்லை. டயபர் எங்கே என்று கேட்கவில்லை, மீட்டிங் லிங்க் அனுப்பவில்லை. நிமிர்ந்து பார்த்தால் நாற்பது நிமிஷம் போயிருந்தது.

அன்றோடு ஓட்டம் நின்றது. டி-ஷர்ட்டும் ஷூவும் மட்டும் தவறாமல் கிளம்பின. வியர்வைக்குப் பிரச்சினையே இல்லை. திருவனந்தபுரத்தில் சும்மா உட்கார்ந்திருந்தாலே பனியனைப் பிழியலாம்.

வாரத்துக்குக் கிடைக்கும் அந்த மூன்று மணி நேரமும் போய்விட்டால் தனக்குக் கிறுக்குப் பிடித்துவிடும் என்று கைலாஷ் நிஜமாகவே நம்பினான். அதைவிடப் பெரிய பயம் பத்மப்ரியா. பிரசவமாகி ஆறே மாதத்தில் ஓட ஆரம்பித்தவள். தன் முறை வந்தால் மழையோ வெயிலோ, சொன்ன நேரத்துக்குக் கிளம்பிவிடுவாள். திரும்பி வரும்போது முகத்தில் அப்படி ஒரு தெளிவு இருக்கும். சேர்ந்து ஓடினால் ஐந்நூறு மீட்டரில் இவன் வண்டவாளம் வெளியே வந்துவிடும். அப்புறம் அவள் முகத்தில் எப்படி விழிப்பது?

இரண்டாம் நாளே மாமனார் அறுபத்தெட்டு சென்டிமீட்டர் அகலத்தில் வேறு மாடல் கண்டுபிடித்துவிட்டார்.

“வாசல் சரி,” என்றான் கைலாஷ். “ஆனா குழந்தைக்குக் கழுத்து நிக்கணும் மாமா. ஓடும்போது குலுங்கும். டாக்டரைக் கேக்காம செய்யப்படாது.”

“பாத்தியா, எவ்வளவு பொறுப்பு!” என்று மகளிடம் பெருமைப்பட்டார் ஸ்ரீகண்டன். அன்று சாயங்காலமே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

டாக்டரம்மா நவநீத்தை நிற்க வைத்து, உட்கார வைத்து, கவிழ்த்துப் பார்த்தார். “எட்டு மாசம் ஆயல்லோ. கழுத்தும் முதுகும் நல்ல ஸ்ட்ராங். தைரியமா ஓடுங்க, வேகம் மட்டும் வேண்டாம்,” என்றார். அதோடு விட்டிருக்கலாம். “ரெண்டு பேரும் சேர்ந்து ஓடணும், கேட்டோ? எப்படி இருக்குன்னு எனக்கும் வந்து சொல்லணும். மத்த பேரன்ட்ஸுக்கும் சொல்லலாமே,” என்று வேறு சொல்லிவிட்டார்.

போன இடத்தில் கழுத்துக்குப் பிரச்சினை இல்லை என்றாகி, கைலாஷின் கழுத்துக்குக் கயிறு வந்தது.

அடுத்த குறையைப் பத்மப்ரியாவே சொன்னாள். “அப்பா, இதுல முன்சக்கரம் லாக் ஆகாது. ஓடும்போது சக்கரம் திரும்பித்துன்னா வண்டி கவுந்துடும். இந்த மாடல் வேண்டவே வேண்டாம்.”

“அப்போ ஃபிக்ஸட் சக்கரம்?”

“அதுவும் வேண்டாம். நம்ம தெருவுல எப்படித் திருப்பறது? தூக்கித் தூக்கி வெக்கணும்.”

கைலாஷுக்கு அவள் வாய்க்குச் சர்க்கரை போடலாம் போல இருந்தது. கூடவே வெட்கமாகவும் இருந்தது. நிஜமாக ஓடுகிறவள் எப்படி யோசிக்கிறாள் பார்! நாம் வெறும் பழம்பொரி.

மறுநாள் மாமனார் சிரித்துக்கொண்டே வந்தார். “இருக்குடி! நடக்கும்போது திரும்பும், ஓடும்போது லாக் பண்ணிக்கலாம்.”

இனி சில்லறைக் குறைகள் உதவாது என்று கைலாஷ் முடிவு செய்தான். ஆபீசில் உட்கார்ந்து, இரண்டு மத்தியானச் சாப்பாட்டு நேரத்தைத் தியாகம் செய்து, எக்ஸலில் ஒரு பட்டியல் போட்டான். பதினேழு நிபந்தனைகள். கைப்பிடியில் பிரேக் வேண்டும். வண்டி கைவிட்டுப் போகாமல் மணிக்கட்டில் மாட்டப் பட்டை வேண்டும். சக்கரத்துக்குக் காற்றடிக்க வேண்டும். ஆனால் பஞ்சராகக் கூடாது. தோளுக்கும் இடுப்புக்கும் தொடைக்கும் நடுவிலும் பெல்ட். மழைக்கு மூடி, வெயிலுக்கு மூடி, கொசுவுக்கு வலை. ஆறடி கைலாஷுக்கும் ஐந்தடி பத்மப்ரியாவுக்கும் ஏற்றபடி கைப்பிடி ஏறி இறங்க வேண்டும். ஒரு கையால் மடிக்க வேண்டும். உலகத்தில் எவனும் இப்படி ஒரு வண்டி செய்திருக்க மாட்டான் என்ற தைரியத்தோடு மாமனாருக்கு அனுப்பினான்.

ராத்திரியே பத்மப்ரியா அதில் இன்னும் இரண்டு நிபந்தனை சேர்த்தாள்.

ஸ்ரீகண்டனுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. பிரிண்ட் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் மார்க் போட்டு, நாலு நாள் சாப்பாடு தூக்கம் இல்லாமல் உட்கார்ந்தார். ஐந்தாம் நாள் காலையில் வந்து காகிதத்தை மேஜையில் போட்டார்.

“பத்தொம்பதுக்குப் பதினெட்டு! கொசுவலை ஒண்ணுதான் இல்லே. அதை நானே தெச்சுக்கறேன். ஆர்டர் போட்டாச்சு.”

“போட்டாச்சா?” என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

“உங்க லிஸ்ட் இல்லேன்னா நான் மொதல்ல பாத்த ஓட்டை வண்டியை வாங்கியிருப்பேன் மாப்ளே. எல்லாம் உங்க சாமர்த்தியம்!”

கைலாஷ் தன் சாமர்த்தியத்தை நினைத்து அன்றைக்குக் காபி குடிக்கவில்லை.

வண்டி வந்தது. குழந்தையை உட்கார வைக்கும் முன் சோதனை ஓட்டம் வேண்டும் என்றார் இன்ஜினீயர். சாலைக் கடைத்தெருவிலிருந்து பத்து கிலோ பச்சரிசி மூட்டை வரவழைத்து, அதை இருக்கையில் வைத்து, எல்லா பெல்ட்டையும் மாட்டினார். பொழுது விடியும் நேரத்தில் மூட்டையைத் தள்ளிக்கொண்டு தெருக்கோடி வரை போய்த் திரும்பினார். வண்டி நூல் பிடித்த மாதிரி ஓடியது. போகிற வழியில் எட்டு வீட்டுக் கோலங்களும் ஈரமாக இருந்தன.

ஆறேகாலுக்கு விஜயலக்ஷ்மி மாமி வாசலில் வந்து நின்றாள். எதிர் வீடு. தெருவில் அவள் வைத்ததுதான் சட்டம்.

“என் கோலத்துக்கு நடுவுல மூணு கோடு! யாரு வேலை இது?”

கைலாஷ் ஓடிப் போய்க் கதவைத் திறந்தான். சமீப காலத்தில் அவன் ஓடியது அந்த ஒரு தடவைதான். “உள்ள வாங்கோ மாமி, வாங்கோ! இந்த வண்டிதான். நீங்க வேண்டாம்னு ஒரு வார்த்தை சொன்னா நாங்க இப்பவே திருப்பி அனுப்பிடறோம். தெருவுக்கு மேலயா எங்களுக்கு ஓட்டம்?”

“ஆமாம் மாமி, தாராளமா சொல்லுங்கோ,” என்றாள் பத்மப்ரியா.

மாமி வண்டியின் மூடியை விலக்கி, குழந்தையைக் கொஞ்சக் குனிந்தாள். உள்ளே அரிசி மூட்டை சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

“ஏண்டி, குழந்தை எங்கே?”

“அது டெஸ்ட்டுக்கு,” என்றார் ஸ்ரீகண்டன் பெருமையாக. “இனிமே நவநீத். அம்மா அப்பா ரெண்டு பேரும் அவனைத் தள்ளிண்டு சேர்ந்து ஓடப்போறா.”

மாமியின் முகம் இளகிவிட்டது. “சேர்ந்தா? எங்காத்து மாமா என்னோட கோயிலுக்குக்கூடச் சேர்ந்து வந்ததில்லேடி. நீங்க ஓடுங்கோ. நான் சொல்லிக்கறேன்.”

என்ன சொன்னாளோ, மறுநாள் காலையில் தெருவிலிருந்த எட்டு கோலமும் ஒரு பக்கமாக ஒதுங்கி, அறுபத்தெட்டு சென்டிமீட்டருக்கு வழி விட்டிருந்தன. கைலாஷுக்குக் கண் கலங்கிவிட்டது. மாமனார் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டு அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை நாள் குறித்தார்கள். பழவங்காடி பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாயிற்று. மூன்று சக்கரத்துக்கும் மூன்று எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று.

“மியூசியம் பக்கம் போலாமே,” என்றான் கைலாஷ், எதற்கும் இருக்கட்டும் என்று.

“ஆமா, மியூசியம்தான் நன்னாயிருக்கும்,” என்றாள் பத்மப்ரியா உடனே. கல்யாணமான இத்தனை நாளில் ஒரு விஷயத்தில் அவள் இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டதில்லை.

“அங்கே ஏத்தம். மொத நாளே ஏத்தம் ஆகாது. நீங்க தினம் ஓடற ஈஞ்சக்கல் ரோடே போறும். நான் ஸ்கூட்டர்ல முன்னாடி பைலட் போறேன்,” என்று ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார் ஸ்ரீகண்டன்.

மாமனார் முன்னால், வண்டி நடுவில், பெற்றவர்கள் பின்னால். கிளம்பினார்கள். நவநீத் முதல் வளைவிலேயே தூங்கிவிட்டான். கொடுத்து வைத்தவன்.

நூறு மீட்டரில் கைலாஷுக்கு விலாவில் குத்தியது. இருநூறில் நாக்கு வெளியே வந்தது. நல்லவேளையாகப் பத்மப்ரியா கவனமானவள். “பிரேக் சரியா இருக்கான்னு பாத்துடலாம்,” என்று நிறுத்தினாள். இன்னும் கொஞ்ச தூரம் போனதும், “பெல்ட் லூஸா?” என்று நிறுத்தினாள். அடுத்து டயரில் காற்று. தனக்காகத்தான் நிறுத்துகிறாள், தனக்கு மூச்சு வாங்குவதைக் காட்டிக்கொடுக்காமல் காப்பாற்றுகிறாள் என்று கைலாஷுக்குத் தோன்றியது. மனசு தாங்கவில்லை. இவளிடமா பொய் சொல்லிக்கொண்டிருக்கிறோம்? சொல்லிவிட வேண்டியதுதான்.

“ப்ரியா... ஒண்ணு... சொல்லணும்.”

“அப்புறம்... சொல்லுங்கோ,” என்றாள் அவள், இடுப்பைப் பிடித்துக்கொண்டு.

அதற்குள் முன்னால் ஹாரன் கேட்டது. ஸ்ரீகண்டன் ஸ்கூட்டரை ஓரம் கட்டிக் கையை ஆட்டினார். “ஒரு கிலோமீட்டர் ஆச்சு! வாங்கோ, தண்ணி குடிச்சுட்டுப் போலாம்!”

அவர் நிறுத்தியிருந்தது ரத்னாபாய் கடை வாசலில்.

கைலாஷ் தலையிலிருந்த குல்லாவை மூக்கு வரை இழுத்துவிட்டு, வண்டியின் மூடிக்குப் பின்னால் குனிந்து, இல்லாத பஞ்சரைத் தேட ஆரம்பித்தான். அந்தப் பக்கம் பத்மப்ரியாவும் துப்பட்டாவால் முகத்தை மூடித் துடைத்துக்கொண்டே இருந்தாள். பாவம், அவ்வளவு வேர்வை.

ரத்னாபாய் எண்ணெய்ச் சட்டியிலிருந்து கரண்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து வந்து இருபது வருஷமாக அங்கே கடை போட்டிருப்பவள்; ஒரு முகத்தை ஒரு தடவை பார்த்தால் மறக்க மாட்டாள். குல்லாவுக்குள் குனிந்து பார்த்தாள். துப்பட்டாவுக்குள்ளும் குனிந்து பார்த்தாள். பிறகு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

ஸ்ரீகண்டன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். “என் பொண்ணும் மாப்பிள்ளையும். தினம் இந்த ரோட்டுலதான் ஓடறா. நீங்க பாத்திருப்பேளே!”

“பாக்காம பின்ன?” என்றாள் ரத்னாபாய். “திங்கள், புதன், வெள்ளி இந்த சாரு, செவ்வாய், வியாழன், சனி இந்த அம்மா, ரெண்டு பேருக்கும் அதே பெஞ்சு, அதே மூலை, அதே ரெண்டு பழம்பொரி. ஒரே வீடாக்கும்? அப்பம் உங்க வீட்டுல ஓடுதது ஆரு?”