முன்னால் கத்தி, பின்னால் தட்டு

படகு மண்ணில் உட்கார்ந்துவிட்டது. கரைக்கு இன்னும் நூறடிதான். தண்ணீர் முழங்காலுக்கும் கீழே இருந்தது. போதாக்குறைக்கு வற்றிக்கொண்டும் இருந்தது.

பின்பக்கத்தில் எஞ்சின் பிடியை இறுக்கிப் பிடித்தபடி அவள் உட்கார்ந்திருந்தாள். முன்பக்கத்தில் அவள் கணவர் கைகளைக் கட்டிக்கொண்டு அடிவானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தெருவில் அவரை எல்லோரும் ‘கப்பல்காரர்’ என்றுதான் சொல்வார்கள்.

“இறங்கித் தள்ளலாமாங்க?”

“தண்ணி ஏறட்டும். கடல்ல அவசரம் ஆகாது.”

“இப்பதாங்க வத்தவே ஆரம்பிச்சிருக்கு. ஏற சாயங்காலம் ஆயிடும்.”

“அதான் சொல்றேன். இந்தப் படகு சரிப்படாது.”

கரையில் ஐஸ் விற்கும் எதிர்வீட்டுக்காரி தன் பெட்டிமேல் ஏறி நின்று கத்தினாள். “என்னடி, அங்கேயே குடித்தனம் வச்சுட்டீங்களா? பால்காரர்கிட்ட விலாசத்தை மாத்திச் சொல்லிடவா?”

படகில் இருந்தவள் சேலையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு இறங்கினாள். படகு லேசாக அசைந்தது. அவரும் இறங்கியிருந்தால் மிதந்தே இருக்கும். அவர் இறங்கவில்லை.

“ஒருத்தராவது படகுல இருக்கணும். அதான் முறை” என்றார்.

முறைப்படி அவரை உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டே வந்து கரை சேர்த்தாள்.

கப்பல்காரர் பதினெட்டு வருடமாக ஆழ்கடல் மீன்பிடிக் கப்பலில் இருக்கிறார். மாதத்தில் இருபத்துநாலு நாள் கடல், ஆறு நாள் வீடு. அந்த ஆறு நாளும் தெருமுனையில் அவரைச் சுற்றிக் கூட்டம் நிற்கும். “நான் ஒருநாள் படுத்துட்டேன்னா கப்பல்ல இருக்கிற இருபது பேரும் அம்போதான்” என்பார். யாரும் மறுத்துப் பேசியதில்லை.

போன மாதம் அவர் வந்தபோது பத்து வயது மகள் கதவைத் திறந்துவிட்டு, உள்ளே திரும்பி, “அம்மா, அப்பா வந்திருக்காரு. எத்தனை நாள் இருப்பாருன்னு கேக்கவா?” என்றாள். விருந்தாளியை விசாரிக்கிற அதே குரல். அம்மாவுக்குச் சுருக்கென்றது. வலை பின்னிச் சேர்த்த சேமிப்பு முழுவதையும் போட்டு ஒரு சின்னப் படகு வாங்கிவிடுவது என்று அன்றைக்கே முடிவு செய்தாள். காலையில் போய் மத்தியானம் வீடு திரும்புகிற தொழில். இந்த மாதம் கப்பலைப் பழுதுபார்க்கக் கரையேற்றியிருந்தார்கள். அது கிளம்ப இருபது நாள் இருந்தது.

கப்பல்காரரும் தெருமுனையில் நாலு பேருக்கு முன்னால் வாக்குக் கொடுத்திருந்தார். “தோதா ஒரு படகு அமையட்டும். அந்த நிமிஷமே கப்பலுக்கு ஒரு கும்பிடு போட்டுடறேன்.”

அமைவதுதான் பெரும்பாடாக இருந்தது. அந்தக் கரையில் கடலுக்கு இரண்டு குணம். மணல்திட்டுக்கு இந்தப் பக்கம் வாத்து நடந்தே போய்விடுகிற ஆழம். அந்தப் பக்கமோ குட்டை குட்டையாக, மூச்சுவிட இடைவெளி தராமல் மொத்துகிற அலை. ஒன்றுக்குச் சரியாக இருக்கிற படகு இன்னொன்றுக்கு ஆகாது.

படகு கட்டி விற்கும் மேஸ்திரி நல்ல மனிதர். பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தார். முதலில் அவள் எடுத்தது அடிப்பக்கம் தட்டையான படகு. ஆழமில்லாத தண்ணீரில் அது வழுக்கிக்கொண்டு போனது. திட்டைத் தாண்டியதும் ஒவ்வோர் அலையும் அடிப்பலகையில் ஓங்கி அறைந்தது. அவளுக்குப் பல்லோடு பல் தந்தி அடித்தது. கப்பல்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

“இது படகில்ல, உரலு. நாம ரெண்டு பேரும் நெல்லு.”

“நீங்க ஓட்டியிருந்தா இப்படி அடிச்சிருக்காதுங்க.”

“அதுக்குத்தான் நான் ஓட்டல. தெரிஞ்சவன் ஓட்டினா ஓட்டைப் படகும் ஒழுங்காப் போகும். தெரியாதவ ஓட்டணும். அப்பதான் படகோட குறையெல்லாம் வெளிய வரும்.”

இந்த நுணுக்கம் அவளுக்குப் பெருமையாக இருந்தது. மேஸ்திரியிடம் போய் எஞ்சினை முடுக்க, அலைக்கு வாகாகத் திருப்ப, மணல் தட்டும் இடத்தில் எஞ்சினைத் தூக்கிப் பிடிக்க எல்லாம் கேட்டுக் கற்றுக்கொண்டாள். தெரியாதவள் என்கிற தகுதியை அவள் நாளுக்கு நாள் இழந்துகொண்டிருந்தாள்.

இரண்டாவது எடுத்ததுதான் மண்ணில் உட்கார்ந்தது. அதற்கு அடிப்பக்கம் முழுக்கக் கூர்மை. அலையைக் கிழித்துக்கொண்டு போனது. வீடு திரும்பத்தான் மறுத்தது.

“எடை அதிகம்” என்றார் கப்பல்காரர். “குறைச்சா மேல எழும்பும்.”

குறைத்தாள். உட்காரும் பலகைகள், தரைப்பலகைகள், நங்கூரம், கயிற்றுச் சுருள் எல்லாம் மேஸ்திரியின் கொட்டகைக்குப் போயின. மறுநாள் படகு முழங்கால் தண்ணீரில் மிதந்தது. திட்டுக்கு வெளியே போனதும் குடித்தவனைப்போல இந்தப் பக்கம் ஒரு சாய்வு, அந்தப் பக்கம் ஒரு சாய்வு. இரண்டாவது சாய்வில் மீன்கூடையும் கப்பல்காரரின் செருப்பும் கடலுக்குப் போயின.

“நிறுத்து! நங்கூரத்தைப் போடு!”

“எந்த நங்கூரத்தை? அதைத்தான் நேத்து எடையோட எடையா எடுத்தாச்சே!”

அதற்குப் பழைய தட்டைப் படகே தேவலை என்று தோன்றியது. முன்பக்கம் தூக்குவதால்தானே அலை அறைகிறது? அங்கே பாரம் வைத்து அமுக்கினால்? ஆறு மணல் மூட்டைகளை ஏற்றினாள். முன்பக்கம் அமுங்கியது. முதல் அலை அறையவில்லை. நேராக உள்ளே வந்துவிட்டது. மணல் தண்ணீரைக் குடித்து இன்னும் கனத்தது. மூட்டைகளை ஒவ்வொன்றாகக் கடலில் தள்ளினாள்.

ஆறாவது மூட்டையைக் கப்பல்காரர் கட்டிப்பிடித்துக்கொண்டார். “இது வேண்டாம். பிடிச்சுக்க இது ஒண்ணுதான் இருக்கு.”

எல்லாவற்றையும் எதிர்வீட்டுக்காரி கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். “மீன் பிடிக்கப் போறீங்கன்னுல்ல நெனச்சேன்! மண்ணைக் கொண்டுபோய்க் கடலைத் தூர்க்கவா போனீங்க?”

பதினேழு நாள் போய்விட்டது. வீட்டில் கப்பல்காரர் பையை எடுத்துத் தூசி தட்டி வைத்தார். “நீயும் என்னதான் பண்ணுவ? இந்தக் கடலுக்கு ஏத்த படகு இன்னும் பொறக்கல” என்று பரிவோடு சொன்னார். மகள் பையைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள்.

அம்மா நேரே மேஸ்திரியின் கொட்டகைக்குப் போனாள். இரண்டு படகுகளையும் கவிழ்த்துப் போடச் சொல்லி, சுற்றிச் சுற்றி வந்து தடவிப் பார்த்தாள்.

“அண்ணே, அலை முன்னாடிதானே வந்து மோதுது?”

“ஆமா தங்கச்சி.”

“மண்ணு பிடிக்கிறது பின்னாடி, எஞ்சின் இருக்கிற பக்கம்?”

“அங்கதானே பாரம். அங்கதான் பிடிக்கும்.”

“அப்ப முன்னாடி கத்தியாட்டமும் பின்னாடி தட்டாட்டமும் ஒரு படகு இருக்கக் கூடாதா?”

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். பிறகு அவளைக் கொட்டகையின் பின்புறம் கூட்டிப்போய்ப் பழைய தார்ப்பாயை விலக்கினார். முன்னால் கூராகத் தொடங்கி, பின்னால் போகப்போகத் தட்டையாகிற ஒரு படகு கவிழ்ந்து கிடந்தது.

“ஏண்ணே, இதை முதல் நாளே காட்டக் கூடாதா?”

“உங்க வீட்டுக்காரர் அத்தாம் பெரிய கப்பல்ல இருக்கிறவரு. அவருக்குப் போய் நான் படகைப் பத்திச் சொல்றதா? மீன்குஞ்சுக்கு நீச்சல் கத்துக்குடுத்த கதையாயிடும்.”

மறுநாள் காலை அந்தப் படகு கெண்டைக்கால் தண்ணீரில் மிதந்தது. திட்டைத் தாண்டியதும் அலையை இரண்டாக வகிர்ந்துகொண்டு போனது. அறையவில்லை, சாயவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை. அவள் மூன்று முறை போய் மூன்று முறை திரும்பினாள். மூன்றாவது முறை, சும்மா இருப்பானேன் என்று தான் பின்னிய வலையில் ஒன்றை வீசி, அரைக்கூடை மீனோடு வந்தாள்.

முன்பக்கத்தில் கப்பல்காரர் ஒரு சொட்டுக்கூட நனையாமல் உட்கார்ந்திருந்தார். முகத்தில்தான் ஈயாடவில்லை.

“வெள்ளை நிறம் மீன் கண்ணுக்குத் தெரியும்” என்றார்.

மாலைக்குள் நீலம் பூசினாள்.

“எஞ்சின் சத்தம் ஜாஸ்தி.”

எஞ்சினுக்கு அடியில் பழைய டயரை வெட்டி வைத்தாள்.

“இடது பக்கம் லேசாச் சாயுது பாரு.”

“நீங்க இடது பக்கம் உட்கார்ந்திருக்கீங்க. கொஞ்சம் நடுவுல வாங்க.”

அவர் நடுவில் வந்தார். அதற்குமேல் அவரிடம் குறை எதுவும் மிச்சமில்லை.

இருபதாவது நாள் காலையில் தெருவே கரைக்கு வந்துவிட்டது. மேஸ்திரி வந்தார். எதிர்வீட்டுக்காரி ஐஸ் பெட்டியோடு வந்தாள். மகள் அப்பாவின் பையைக் காலி செய்து, துணிகளை அலமாரியில் அடுக்கிவிட்டு வந்திருந்தாள். அம்மா புது வலையைப் படகில் மடித்து வைத்தாள். பின்பக்கத்தைத் துடைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள்.

“வாங்க. இன்னிக்கு உங்க கையால.”

கப்பல்காரர் படகின் அடியைப் பார்ப்பதுபோலக் குனிந்தார். நெடுநேரம் நிமிரவில்லை.

அப்போது ஒருவர் சைக்கிளை மணலில் சாய்த்துவிட்டு மூச்சிரைக்க ஓடி வந்தார். கப்பலின் எஞ்சின் டிரைவர்.

“அண்ணே, கப்பல் கிளம்பப் போகுது! உங்களைக் காணோம்னு கேப்டன் கத்துறாரு!”

அவள் முன்னால் வந்து இடுப்பில் கைவைத்து நின்றாள். பதினெட்டு வருடமாகச் சொல்லக் காத்திருந்த வாக்கியம் அது.

“அவரு இனி வரமாட்டாருன்னு சொல்லிடுங்க. சொந்தப் படகு வாங்கியாச்சு. இன்னிலேருந்து இங்கேயே வலை போடப் போறாரு.”

டிரைவர் படகைப் பார்த்தார், வலையைப் பார்த்தார், குனிந்திருந்தவரின் முதுகைப் பார்த்தார்.

“வலையா? அண்ணி, அண்ணன் எங்க கப்பல்ல சமையல்காரரு; பதினெட்டு வருஷத்துல அவரு கடல்ல போட்டதெல்லாம் வெங்காயத் தோலு மட்டும்தான்!”